மக்கு வூடு

விருத்தாசலத்தில் புதிதாக வந்திருக்கும் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே டீ குடிக்கிறேன். கோப்பையும் இந்த ஊர்ச் சரக்குதான், பிடி கொஞ்சம் கோணல். போன நூற்றாண்டின் ஸ்காட்லாந்து ஜனத்தொகைக் கணக்கின் நகல் ஒன்று என் பையில் இருக்கிறது. அதில் உள்ள மக்கே என்பவர், நிலம் அளக்க இங்கே வந்து தங்கிவிட்ட என் கொள்ளுத்தாத்தா.

கடைக்கார அம்மாவிடம் பெயரைப் படித்துக் காட்டுகிறேன்.

"மக்கு தொரையா? அவரு இருந்த எடத்த இன்னமும் மக்கு வூடுன்னுதாங்க சொல்றோம்."

டீ ஆறுகிறது. நான் கணக்கில் தோற்றபோதெல்லாம், இந்த ஊரில் பிறந்த அப்பா, "மக்கு வூட்டுப் புள்ளதானே நீ" என்று சிரிப்பார். நான் அழுவேன். அப்பா போய்ப் பத்து வருஷமாகிறது. அவர் என்னைத் திட்டவே இல்லை. குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்.