கம்ஷாத் சொல்லாத பெயர்

அன்றைக்கு என் கையில் விலங்கு மாட்டியதற்குக் காரணம் கம்ஷாத்தின் மரியாதைதான். பொய் சொன்னாளா, இல்லை. என் மேல் பகையா, அதுவும் இல்லை. மரியாதை! நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் மிர்ஸாகான். எங்கள் ஊர் ஷோலாக்சாய், அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் பம்பு பழுது பார்ப்பவன். கம்ஷாத் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் வேலை செய்கிறாள், ஐம்பத்தோரு வயது, புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிறது. மே மாதம் பிறந்தால் போதும், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மான் சரணாலயத்துக்குச் சம்பளமில்லாமல் உழைக்கக் கிளம்பிவிடுவாள். போகென் மான்கள் தொங்கும் மூக்கோடு ஆயிரக்கணக்கில் வந்து எங்கள் புல்வெளியில் குட்டி போடும் மாதம் அது. கிழட்டுப் பெட்டைக் குதிரை ஒன்றில் ஏறி, காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே இருக்கும் மூன்று ஓடைப் பள்ளங்களையும் சுற்றி வந்து மான்களை எண்ணி எழுதுவாள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நோய் வந்து, நாலே நாளில் அந்த மந்தை முழுக்கச் செத்து விழுந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிணங்களை எண்ணப் போனவர்களில் அவளும் ஒருத்தி. “செத்தத எண்ணின கண்ணால உசுரோட இருக்கறதையும் எண்ணிப்புடணும்ணே” என்று அப்போது என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு மே மாதமும் அவள் வீட்டில் இருந்ததில்லை.

எங்கள் கஜாக் வீடுகளில், வாழ வந்த பெண் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. இந்தக் காலத்துப் பெண்கள் பலரும் அதைக் காற்றில் பறக்க விட்டுவிட்டார்கள். கம்ஷாத் விடவில்லை. அவள் புருஷனுடைய அண்ணன் பெயர் போகென்பாய். அவரை அவள் ‘மிர்ஸா அத்தான்’ என்றுதான் கூப்பிடுவாள். மிர்ஸா என்றால் தாராள மனசுக்காரர் என்று எங்கள் பேச்சில் அர்த்தம். சரி, அதோடு நின்றாளா? அவர் பெயருக்குள் போகென் இருப்பதால் மானையும் அப்படிச் சொல்லமாட்டாள். மூக்கன் என்பாள். சரணாலயத்து நோட்டிலும் ‘மூக்கன் தாய் நாற்பது, மூக்கன் குட்டி பதினேழு’ என்றே எழுதுவாள். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் மட்டும் சும்மா விடுவேனா?

“ஒரே ஒரு தடவ சொல்லு கம்ஷாத். போ... கென். வாய் வெந்தா போயிடும்?”

“வேகாதுண்ணே. உங்க பம்பு மாதிரி தொண்ட அடைச்சுக்கும்.”

அந்த மரியாதைக்குப் போகென்பாய் தகுந்தவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கம்ஷாத்தின் புருஷன் பனிப்புயலில் சிக்கியபோது மூன்று நாள் தேடி, உடலைத் தன் குதிரையில் போட்டுக் கொண்டுவந்தவர் அவர். அன்றிலிருந்து அவள் அடுப்புக்கு நிலக்கரி, மாட்டுக்கு வைக்கோல், மகள் ஆக்மாரலின் படிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஆக்மாரலுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். தகப்பன் இடத்தில் நின்று கைகளை விரித்து ஆசீர்வாதம் சொல்லவேண்டியவரும் அவர்தான்.

விலங்கு மாட்டிய அன்று காலை சரணாலயத்துப் புது அதிகாரி ஜான்தோஸ் அவளிடம் வாக்கி-டாக்கியைக் கொடுத்தார். அக்தோபே நகரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

“அக்கா, நேத்து வடக்குப் பக்கம் பைக் சத்தம் கேட்டுச்சாம். எதப் பாத்தாலும் உடனே சொல்லுங்க. கிட்ட மட்டும் போயிடாதீங்க.”

முதல் பள்ளத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. குட்டிகள் மண்ணோடு மண்ணாக ஒட்டிப் படுத்திருந்தன. பிறந்து மூன்று நாலு நாளைக்கு அவை ஓடாது, இடியே விழுந்தாலும் அசையாமல் கிடக்கும். மனுஷ வாடை பட்டுவிடக்கூடாது என்று கம்ஷாத் குதிரையை விட்டு இறங்காமல் தூரத்திலிருந்து எண்ணினாள். இரண்டாவது பள்ளத்துக்கு ஏறும்போதுதான் குதிரை காதை நிமிர்த்தியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிடா மான் செத்துக் கிடந்தது. உடம்பில் சூடு ஆறவில்லை. இரண்டு கொம்பும் அடியோடு அறுபட்டிருந்தன. ரம்பத்தால் அறுத்த வேலை. நாட்டு மருந்துக்கென்று அந்தக் கொம்பைத் திருட்டுத்தனமாகப் பொன் விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு.

பைனாகுலரை எடுத்தாள். புழுதிக்கு நடுவே இரண்டு பைக். ஒன்றில் துப்பாக்கியோடு முன்பின் தெரியாத இரண்டு பேர். அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் போன பைக்கில் ஒருத்தர், இடது காலை மடக்காமல் வெளியே நீட்டிக்கொண்டு. குதிரையிலிருந்து விழுந்து மடங்காமல் போன கால் அது. அந்தக் காலுக்கு மாதக்கணக்கில் கொழுப்புத் தடவி நீவிவிட்டவளே கம்ஷாத்தான்.

அவர்கள் போன திசையில்தான் மூன்றாவது பள்ளமான செம்பள்ளம் இருக்கிறது. அங்கேதான் குட்டிகள் அதிகம். மந்தையை அதன் வழியாக விரட்டினால் குட்டிகள் கிடந்த இடத்திலேயே மிதிபட்டுச் சாகும். அவள் பொத்தானை அழுத்தினாள்.

“தம்பி, ரெண்டு பைக்கு! துப்பாக்கி வெச்சிருக்காங்க. ஒரு கிடா போயிடுச்சு. செம்பள்ளத்துக்குப் போறாங்க, சீக்கிரம் வாங்க!”

“யாருக்கா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?”

அவள் மறுபடி பைனாகுலரைத் தூக்கி அந்தக் காலைப் பார்த்தாள்.

“அக்கா, கேக்குதா? யாரையாவது அடையாளம் தெரியுதா?”

“மிர்ஸா அத்தான்” என்றாள்.

வாயில் இருந்தது அந்தப் பெயர்தான், அதுதான் வந்தது. ஜான்தோஸுக்கு அது யாரென்று தெரியாது என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தும் அவள் திருத்தவில்லை. சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. ‘அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியா இருந்துச்சுண்ணே’ என்று பின்னால் என்னிடமே ஒப்புக்கொண்டாள். நிம்மதியாம்!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழி செம்பள்ளத்துக் கிணற்றடியில் பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பட்டியில் ஒரு செம்மறிக்குக் குட்டி குறுக்கே திரும்பிவிட, கையை விட்டு இழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். முழங்கை வரை ரத்தம். பைக் பக்கத்தில் நிற்கிறது. பையில் இரும்பு அறுக்கும் ரம்பம். சரணாலயத்து ஜீப் வந்து நின்றது.

“பேரு என்ன?” என்றார் ஜான்தோஸ்.

“மிர்ஸாகான்.”

“மிர்ஸான்னு கம்ஷாத் அக்கா சொன்னது உங்களத்தான்!” அவ்வளவுதான், கையில் விலங்கு. ஜீப்பை ஓட்டிவந்த ஓராஸ் உள்ளூர்க்காரன். “சார், இவர் பம்புக்காரர் சார்” என்று முனகினான். யார் கேட்டார்கள்?

எனக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. சும்மா இருப்பேனா, கத்தினேன். “யோவ், அவ சொன்ன மிர்ஸா நான் இல்லய்யா! அவ மூத்தார அப்படித்தான் கூப்பிடுவா! பேரச் சொல்ல மாட்டா!”

“ஏன், பேரச் சொன்னா என்னவாம்?”

“உனக்கு அதெல்லாம் உங்க வீட்டுல சொல்லிக் குடுத்திருக்கணும்!”

“பெரியவரே, கையில ரத்தம், பையில ரம்பம், பேரு மிர்ஸா. கண்ணால பாத்தது அந்தக்கா. நீங்க சொல்ற பேர நான் எழுத முடியாது. நீங்க இல்லன்னா அவங்க வாயாலயே சொல்லட்டும்.” வாக்கி-டாக்கியை எடுத்தார்.

அந்த நேரத்தில் கம்ஷாத் தனியாக இல்லை. மேட்டின் மேல் குதிரையில் நின்ற அவளைப் போகென்பாயும் பார்த்துவிட்டிருந்தார். கூட்டாளிகளை ஓடைக் கரைக்கடியில் நிறுத்திவிட்டு அவளிடம் வந்து, பைக்கை அணைத்து, தொப்பியைக் கழற்றினார்.

“கம்ஷாத், பாத்துட்டியா?”

“பாத்துட்டேன் அத்தான்.”

“போன குளிர்ல பாதி ஆடு போச்சு, உனக்கே தெரியும். வெறுங்கையோட நம்ம புள்ளய எப்படிம்மா அனுப்புறது? யாருக்காகப் பண்றேன்?”

“எனக்காகப் பண்ணாதீங்க அத்தான். அங்க குட்டிங்க கெடக்கு. திரும்பிப் போயிடுங்க, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்.”

“கூட வந்தவனுங்க வெறுங்கையோட போகமாட்டானுங்க. இன்னிக்கு ஒரு நாளு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா இருந்தாப் போதும்.”

அப்போதுதான் அவள் கையிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. “அக்கா, மிர்ஸா மாட்டிக்கிட்டாரு. மிர்ஸாகான், பம்பு பாக்கறவரு. இவருதானே? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

போகென்பாய் முதலில் திகைத்தார், பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் தன்னால் பார்க்க முடியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

“பாரு, கடவுளே வழி விடறாரு. பம்புக்காரனுக்குப் பொண்டாட்டியா, புள்ளையா? அவன நான் அப்புறம் பாத்துக்கறேன். ஆமான்னு சொல்லிடு.”

“அவரு ஒண்ணும் பண்ணல அத்தான்.”

“நீ என் பேர எடுக்க மாட்டே. எனக்குத் தெரியும். உன்ன மாதிரி ஒரு மருமக எந்த வீட்டுக்கும் வந்ததில்லம்மா.”

ஜீப்பில் எங்களுக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல். “அவரு இல்ல தம்பி. அந்தண்ணன விட்டுடுங்க.”

“அப்ப யாரு?”

“எங்க வீட்டுப் பெரியவரு.”

“பேரு சொல்லுங்கக்கா. பேர் இல்லாம நான் யாரத் தேடுறது, இவர எப்படி விடறது?”

மறுபடி இரைச்சல். நான் விலங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லாவிட்டால் என் கதி ஜெயில்தான். ஆனாலும், சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சொல்லிவிடக்கூடாதே என்றும் ஒரு பக்கம் பதறியது.

“போ...” என்றாள். இருமினாள். “போகென்பாய். அவரு பேரு போகென்பாய். என் வீட்டுக்காரரோட அண்ணன். கூட வந்தவங்க செம்பள்ளத்துக்குக் கிழக்கால, கரைக்கடியில நிக்கறாங்க. குட்டிங்க மேல போறதுக்குள்ள போங்க.”

ஓராஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஜான்தோஸ் என் விலங்கைத் திறந்தார். ஓராஸ் வண்டியைக் கிளப்பினான்.

அந்த மேட்டில் போகென்பாய் ஓடவில்லை. அவள் குதிரையின் காலடியில் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். “உன் வாயில அந்தப் பேரு நல்லா இல்ல, கம்ஷாத்” என்றார். அவள் குதிரையை விட்டு இறங்கி, ஜீப் வரும்வரை அவர் பக்கத்தில் நின்றாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

கரைக்கடியில் நின்றவர்களையும் கொம்போடு பிடித்தார்கள். போகென்பாய்க்கு நாலு வருஷம் போட்டார்கள். ஆக்மாரலின் கல்யாணம் நடந்தது, ஆனால் தகப்பன் வழியில் ஒருத்தரும் வந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை. ஆசீர்வாதம் சொல்லும் நேரம் வந்தபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஆக்மாரல் என் பக்கம் திரும்பினாள். எனக்குப் பம்பைத் தவிர என்ன தெரியும்? கையை விரித்து ஏதோ உளறினேன்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம் நான் சரணாலயத்து அறையில் என் ரம்பத்தைத் திரும்ப வாங்கக் காத்திருந்தேன். கம்ஷாத் மூன்றாவது பள்ளத்தையும் சுற்றி முடித்துவிட்டு வந்தாள். அவளைத் திட்ட நாள் முழுக்க வார்த்தை சேர்த்துவைத்திருந்த நான், எழுந்து நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன். அவள் என்னைப் பார்த்து, “மன்னிச்சுடுங்கண்ணே” என்றாள். பிறகு நோட்டை இழுத்துக் குனிந்து எழுதினாள். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன்.

‘செம்பள்ளம். போகென் தாய் ஐம்பத்திரண்டு. போகென் குட்டி நாற்பத்தொன்று, எல்லாம் உயிரோடு’ என்று எழுதியிருந்தது.