உறவுக்காரப் பெண்ணின் மணிக்கணக்கு

விண்ணப்பத்தின் அந்தப் பக்கம் வரும்வரை எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மார்க் நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆளும் நான்தான், கல்லூரி முடித்த முதல் ஆளும் நான்தான் என்று விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். எழுதும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

நான் விண்ணப்பித்தது பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு. டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் வேலை அது. அதில் சேர, நோயாளிகளை நேரடியாகக் கவனித்த அனுபவம் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று காட்ட வேண்டும். முதியோர் இல்லத்தில் வார இறுதிகளில் நான் செய்தது பாதிகூட வராது. மீதியெல்லாம் வெஸ்ட் வின்ட்சரில் ஒரு தமிழ் அங்கிள் வீட்டில் செய்தது. அதைச் சேர்க்காவிட்டால் இந்த வருஷம் விண்ணப்பிக்கவே முடியாது.

அங்கிளுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் செயலிழந்திருந்தது. என் அப்பா சமையல்காரராக இருக்கும் ரெஸ்டாரன்ட்டுக்குச் சாப்பாடு வாங்க வந்த ஆன்ட்டி, அதாவது அங்கிளின் மனைவி, நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழை வைத்துக்கொண்டு நான் வேலை தேடுவதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். அங்கிளைக் குளிப்பாட்டுவது, சுகர் பார்ப்பது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, கை காலை மடக்கி நீட்டுவது எல்லாம் நான்தான். சம்பளம் செக்காக வரும். அதைத் தட்டில் வெற்றிலை பாக்கு பூவோடு வைத்துத்தான் கொடுப்பார். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "எங்க ஊர்ப் பக்கத்துப் பொண்ணு, சொந்தம்தான்" என்பார். எனக்கும் அது பிடித்திருந்தது.

இப்போது விண்ணப்பம் கேட்டது: நீங்கள் கவனித்தவர் உறவினரா? ஆமென்றால் அந்த மணிகள் சேராது. உங்கள் மேற்பார்வையாளர் யார்?

மேற்பார்வையாளரா? எப்போதாவது வந்துபோன நர்ஸா? கட்டிலிலிருந்து கண்ணாலேயே என்னை வேலை வாங்கிய அங்கிளா? கல்லூரி அலுவலகத்துக்கு போன் பண்ணினேன்.

"உங்களை வேலைக்கு வைத்தது யார்?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"ஆன்ட்டி."

"அப்படியென்றால் உறவினர்தானே?"

"இல்லை. நாங்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

வேலைக்கு வைத்தவரின் எண்ணைக் கொடுக்கச் சொன்னாள். அவர்களே கூப்பிட்டு உறுதி செய்துகொள்வார்களாம். நோயாளியைக் கவனித்த நேரத்தை மட்டும் எழுத வேண்டும், வீட்டு வேலை சேராது என்றும் சொன்னாள்.

கல்லூரியிலிருந்து கேட்டால் நான் சொந்தமில்லை என்று சொல்லும்படி மறுநாள் ஆன்ட்டியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"வேலைக்காரின்னு சொல்லணுமா உன்னை?"

"வேலை பார்த்தேன்னு சொன்னா போதும் ஆன்ட்டி."

"நான் ஒரு நாளாவது உன்னை அப்படி நடத்தியிருக்கேனா? என் பொண்ணு மாதிரின்னு சொல்றேனே. அதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும் அவங்களுக்கு?"

"ஐயோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க!"

அவர் முகம் வாடிவிட்டது. அவரைப் புண்படுத்திவிட்டேனா, இல்லை என் உழைப்புக்கான கணக்கைத்தான் கேட்கிறேனா என்று புரியவில்லை. வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "காசு வாங்கினே, வேலை செஞ்சே. இதுல என்னடி இவ்ளோ யோசனை? பெரிய படிப்புப் படிச்சா இப்படித்தான் ஆகுமா?"

அன்றிரவே மணிகளைப் பிரித்தேன். அங்கிளின் குளியல் சேரும். அவருக்கு ரசம் சோறு ஊட்டியது சேரும். அந்த ரசத்தை வைத்தது? ஆன்ட்டி அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது? அங்கிள் தூங்கும்போது ஆன்ட்டியோடு சீரியல் பார்த்தது நிச்சயம் சேராது. ஆனால் ஒரு காது மட்டும் எப்போதும் அங்கிளின் மூச்சுச் சத்தத்தில்தான் இருந்தது. சந்தேகமானதையெல்லாம் தள்ளிவிட்டேன். மிஞ்சியது குறைந்தபட்ச அளவை மயிரிழையில் தாண்டியது. அனுப்பிவிட்டேன்.

கல்லூரியிலிருந்து ஆன்ட்டிக்குப் போன் வந்தபோது நான் அங்கிள் கட்டிலருகில் இருந்தேன். ஆன்ட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஷீ இஸ் லைக் மை..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நோ. நோ ரிலேஷன். ஒர்க்கர். வெரி குட் ஒர்க்கர். செக் கொடுத்தேன்" என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொல்லி முடித்தார். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு வந்தது நிம்மதியா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"எவ்ளோ மணி போட்டே? காட்டு" என்றார் ஆன்ட்டி. போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"அங்கிளைப் பார்த்துக்கிட்டது மட்டும்தான் ஆன்ட்டி."

"அப்போ என்கூட இருந்ததெல்லாம்?"

"அது கணக்குல வராதாம்."

"ஏன் வராது? நீ இல்லேன்னா நானும் இவர் பக்கத்துலயே படுத்திருப்பேன். அதையும் சேர்த்துப் போடு."

"அனுப்பிட்டேன் ஆன்ட்டி. இனிமே மாத்த முடியாது."

"நல்லா படிச்சே போ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அது கோபமா, கிண்டலா, எனக்குப் புரியவில்லை. அங்கிளைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்தது. தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன். போர்வையின் மறுமுனையைப் பிடிக்க ஆன்ட்டி திரும்பி வந்தார்.