புதுத் தாரில் பழைய பள்ளங்கள்

இன்று எங்கள் குழுவின் ஞாயிறு சைக்கிள் ரைடுக்கு நான்தான் லேட். அகரம்தென் சாலையில் திரும்பியபோது ஒரே பனி. முன்னால் ஒரு சைக்கிளின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. குழுவில் எப்போதும் முன்னால் போகும் பிரபுதான் என்று நினைத்துப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

கூட்டமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் காட்டுவார். பின்னால் வருகிறவர் யோசிக்காமல் விலகுவார்.

முன்னால் போனவர் இடது கையைத் தாழ்த்திக் காட்டினார். விலகினேன். அப்புறம் வலது கை. விலகினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அந்தச் சாலைக்குப் போன வாரம்தான் புதுத் தார் போட்டார்கள். பள்ளமே கிடையாது. ஆனால் அவர் காட்டிய ஒவ்வொரு இடத்திலும் முன்பு பள்ளம் இருந்தது. விழுந்து எழுந்தவன், எனக்கு மனப்பாடம்.

"பிரபு!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.

ஏரி வளைவில் இன்னொரு முறை கை காட்டினார். விலகி நிமிர்ந்தேன். விளக்கைக் காணோம்.

டீக்கடையில் நின்றபோது பிரபு பின்னாலிருந்து வந்து சேர்ந்தான்.

"இன்னா மச்சான், பஞ்சர் ஒட்டிகினு கேம்ப் ரோட்டு திருப்பத்துலயே நின்னோம். நீ தாண்டிப் போறப்ப அத்தினி பேரும் கத்துனோம், திரும்பவே இல்ல?"

"எனக்கு முன்னாடி யாருடா போனா?"

"யாரும் இல்ல. நீ மட்டும்தான் போன."

ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த ஏரி வளைவில் இதுவரை பள்ளமே இருந்ததில்லை. இனிமேல்தான் வரப்போகிறதோ?

அடுத்த ஞாயிறு முன்னால் போக யாருக்கு ஆசை?