கடைசி வரியை மாற்றிப் பாடியவள்

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயரே ‘ட்ராக் அக்கா’ தான். பெரிய பாடகிகள் வருவதற்கு முன்னால் மெட்டைப் பாடிக் காட்டிப் பதிவு செய்துவைப்பது அவள் வேலை. அவர்கள் வந்து பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். அதற்காக ஒருநாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. அவள் இருக்கும் அறையில் சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது.

கல்யாணம் பேசி முடித்தபிறகுதான் அந்தச் சிரிப்பு சுருங்கியது. மாப்பிள்ளை பார்க்க லட்சணமானவன், நல்ல உத்தியோகம். ஆனால் எந்நேரமும் வீடியோ காலில் வந்து நிற்பான். “பக்கத்துல யாரு? ஃபோனைத் திருப்பு, பார்க்கலாம்.” திருப்புவாள். “அழிச்சுப் போடற குரலுக்கு இவ்வளவு மேக்கப்பா?” என்பான். அவள் அழுதால், “இனிமே மாறிடறேம்மா” என்று குழைவான். அவளும் நம்புவாள். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடிதான்.

அன்றைக்குக் கையில் வந்தது ஒரு துள்ளல் பாட்டு. தன்னை மட்டம் தட்டுகிறவனை விட்டுக் கிளம்புகிற ஒருத்தி பாடுவது. இசையமைப்பாளன் அவள் வயசுக்காரன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன். பல்லவியை அவள் எடுத்ததுமே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குதிக்க ஆரம்பித்துவிட்டான். சரணத்தைப் பிய்த்து உதறினாள். கடைசி வரியில் சட்டென்று நின்றாள்.

“நீ மாறிட்டா சொல்லு, நான் திரும்பி வர்றேன்” என்று எழுதியிருந்தது.

“என்னாச்சு, தண்ணி வேணுமா?”

“இந்த வரி வேணாம்.”

“ஏன், இழுத்துப் பாட வசதியாத்தானே இருக்கு?”

“மாறிட்டா வர்றேன்னு சொன்னா, மாறின மாதிரி நடிப்பான். இவளும் வருவா. அப்புறம் திரும்ப முதல்லேருந்து பாடணும்!”

அவன் கண்ணாடியைத் தட்டினான். “சரி, நீங்களே பாடுங்க. வாய்க்கு வந்ததைப் பாடுங்க!”

தாளம் ஓடியது. யோசிக்க நேரமில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது:

“மாறு, மாறாமப் போ... நான் கிளம்பியாச்சு!”

‘ஆச்சு’வை உச்சத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினாள். மைக்கை விட்டு விலகியபோதுதான், தான் பாடியது என்ன என்பது அவளுக்கே உறைத்தது. இசையமைப்பாளன் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

அந்நேரம் பார்த்து ஃபோன் அதிர்ந்தது. திரையில் மாப்பிள்ளை.

“எவன் கூட இருக்க? ஃபோனைத் திருப்பு.”

“திருப்ப மாட்டேன். கல்யாணமும் வேணாம். வச்சிடறேன்.”

ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பயமா, சந்தோஷமா? இரண்டும்தான்.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “பத்திரிகை அடிக்கப் போற நேரத்துல இப்படியாடி?” அவள் வாய் மூடவில்லை, மாப்பிள்ளை அழைத்தான். அம்மா பணிவாகத்தான் பேச ஆரம்பித்தாள். அவன் போட்ட கூச்சலில் தங்கைகூட அறையை விட்டு ஓடிவந்தாள். அம்மா ஃபோனைத் தூரமாகப் பிடித்தாள்.

“எங்கிட்டயே இந்தப் பேச்சா? தம்பி, எம்பொண்ணு சொன்னது சொன்னதுதான். வைங்க.”

தங்கை ‘ஹோ’வென்று கத்தி இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பிரபல பாடகி வந்து பாட்டைக் கேட்டாள். முழுசும் பாடிக் கொடுத்தாள். கடைசி வரியை மட்டும் தொடவில்லை. “இதை நான் பாடினா பாட்டு. அந்தப் பொண்ணு பாடினா நிஜம். அப்படியே விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படித்தான் வெளியானது. ஆட்டோவில், ஜவுளிக்கடையில், கல்லூரி வாசலில், திரும்பிய பக்கமெல்லாம் அந்தப் பாட்டு. கடைசி வரி வரும்போது பெண்கள் கூட்டமாகக் கத்தினார்கள். ஒருநாள் பேருந்தில் அப்படிக் கத்திய நாலு மாணவிகளோடு அவளும் சேர்ந்து கத்தினாள்.

“அக்கா, செம வாய்ஸ்! அச்சு அசல் அதே மாதிரி இருக்கு!”

“நான்தாம்மா அது” என்றாள். யாரும் நம்பவில்லை. இறங்கும்வரை அவளைச் சுற்றி ஒரே கும்மாளம்.