நாலாவது வாக்கிடாக்கி

கால்பந்து நடுவர் வேலைக்கு ஓடுற காலும் கேக்காத காதும் இருந்தாப் போதும். கால் எனக்கு இன்னும் இருக்கு. காதுக்குத்தான் போன ஆடியில கேடு வந்துச்சு, வாக்கிடாக்கி வாங்கிக் குடுத்தாக. விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போயி திட்டு வாங்குற என் இனத்தாரே, உங்களுக்கும் யாராச்சும் அப்படி வாங்கித் தர்றேன்னு வந்தா, இதைப் படிச்சிட்டு அப்புறமாக் கையை நீட்டுங்க.

காத்து குடுத்த யோசனை

எங்க பக்கத்து ஆடிக் காத்துல தோள்ல துண்டு போட்டு வெளிய போனா, நமக்கு முன்னாடி துண்டு ஊர் போயிச் சேந்துரும். அந்த மாசமாப் பாத்துத்தான் கம்பம் பக்கத்துல ஒரு கமிட்டி வருசா வருசம் கால்பந்துப் போட்டி நடத்துறாக. தை மாசம் வைக்கலாமேன்னு கேட்டேன். ஆடியில வச்சாத்தான் ஆட்டம்னு சொல்லிட்டாக. நடுவர் ஊதுற விசில் அந்தக் காத்துல யாருக்கும் கேக்காது. கேக்குறவனும் கேக்காத மாதிரி ஓடுவான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். பொம்பளப் பிள்ளைக ஆட்டத்துக்கு மட்டுமே நடுவரா நின்ன என்னை, போன வருசம்தான் முதல் தடவையா ஆம்பளைக போட்டிக்குக் கூப்பிட்டாக, அதுவும் இறுதி ஆட்டம் வரைக்கும். எனக்குச் சந்தோசத்தை விட பயம்தான் அதிகம். நான் சொதப்புனா, அன்னைக்கே சொன்னோம்லன்னு ஆளாளுக்கு ஆரம்பிப்பாக. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் எந்தப் பொண்ணு கையிலயும் விசிலைக் குடுக்க மாட்டாக. கமிட்டிக் கூட்டத்துலயே ஒரு பெரிய மனுசர் என்னைப் பாக்காம, கூரையைப் பாத்துச் சொன்னாரு: "ஆம்பளை ஊதுனாலே காத்து தூக்கிட்டுப் போயிருது. டீச்சர் ஊதுனா தேனி பஸ் ஸ்டாண்டுலதான கேக்கும்?"

பெட்டியில நாலு

அப்பத்தான் கமிட்டித் தலைவர் எந்திரிச்சு, நடுவருக்கும், கோட்டோரமாக் கொடி பிடிக்கிற லைன்மேன் ரெண்டு பேருக்கும் வாக்கிடாக்கி வாங்கிருவோம்னு சொன்னாக. காத்துல விசில் பறந்தாலும், காதுல ஒயரை மாட்டிக்கிட்டு நாங்க மூணு பேரும் பேசி முடிவெடுக்கலாமாம். நல்ல யோசனைதான். ஆனா கடைக்காரன் விக்கிற பெட்டியில நாலு செட்டு இருந்துச்சு. மூணு எங்களுக்குன்னா நாலாவது யாருக்கு?

நம்ம ஊர்ல மிச்சம் இருக்குற எதுக்கும் ஒரு பேரு உண்டு, மரியாதை. மாலை மிஞ்சுனா தலைவருக்கு, சால்வை மிஞ்சுனா தலைவருக்கு. அதே கணக்குல மேடையில வச்சு, கைத்தட்டலோட நாலாவது செட்டைத் தலைவர் கையில குடுத்தாக. அவுக ஊரு டீம் மஞ்சச் சட்டை போட்டு அதே போட்டியில ஆடுதுங்கிறதை யாரும் யோசிக்கலை. நான் யோசிச்சேன், என் முகத்துலயும் தெரிஞ்சிருக்கும் போல. தலைவர் கிட்ட வந்து ஆறுதல் சொன்னாக: "பயப்படாதீக டீச்சர், நான் சும்மா கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருப்பேன்."

வணக்கம், முத்துவேல் பேசுறேன்

எனக்கு ரெண்டு லைன்மேன். ஒருத்தர் ரபீக் அண்ணன், கம்பத்துல செல்போன் கடை வச்சிருக்காக. இன்னொருத்தர் முத்துவேல் அண்ணன், கடமலைக்குண்டுல தென்னை விவசாயம். கண்ணு ரெண்டு பேருக்கும் கழுகுக் கண்ணு. ஆனா முத்துவேல் அண்ணன் செட்டைக் கையில வாங்கின நிமிசமே, இனிமே கொடி எதுக்குன்னு அதைச் சுருட்டி அக்குள்ல வச்சிட்டாக.

முதல் ஆட்டத்துல பந்து கோட்டைத் தாண்டிப் போகுது. என் காதுல, "வணக்கம் டீச்சர், முத்துவேல் பேசுறேன், கேக்குதா, வெயில் சாஸ்தியா இருக்குல்ல"ன்னு ஆரம்பிக்கிறாக. அவுக விசயத்துக்கு வர்றதுக்குள்ள அந்தப் பந்தை உள்ள எறிஞ்சு, கோலும் போட்டு, ரெண்டு டீமும் சண்டைக்கும் தயாராயிட்டாக. இடைவேளையில கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன், ஒரே வார்த்தையில சொல்லுங்க, கொடியையும் தூக்குங்கன்னு. மனுசன் மனசு நொந்து போயிட்டாக. "எடுத்த எடுப்புல அவுட்டுன்னு சொன்னா அது ஒரு மரியாதையா டீச்சர்?"

மலையில இருந்து ஒரு ரசிகர்

ரெண்டாவது நாள் காதுக்குள்ள புதுசா ஒரு மலையாளக் குரல். மேல கேரளா மலையில ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புக்காரங்க வச்சிருக்குற செட்டும் எங்க செட்டும் ஒரே சானல்ல ஓடியிருக்கு. அங்கன ஒருத்தர் மூட்டை ஏத்தச் சொல்றாரு, இங்கன நான் ஃபவுல்ங்கிறேன். எங்கள்ல மலையாளம் தெரிஞ்சது ரபீக் அண்ணனுக்குத்தான். விலகச் சொல்லுங்கண்ணேன்னு அவுககிட்ட விட்டேன். அவுக மழை எப்படி, காய் எப்படின்னு விசாரிச்சு, கடையில புதுசா வந்த போனைப் பத்தியும் சொல்லி முடிச்சாக.

அன்னைக்குச் சாயங்காலமே ரபீக் அண்ணன் சானலை மாத்தித் தந்துட்டாக, அந்தத் தொல்லை தீந்துச்சு. ஆனா ஒண்ணைச் சொல்லணும். அந்தப் போட்டி முழுக்க என் தீர்ப்பைக் கேட்டு எதிர்த்துப் பேசாத ஒரே ஆம்பளை அந்தத் தோட்டத்துக்காரர்தான். போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "சேச்சி, ஸ்கோர் எந்தாயி?"

சும்மா கேக்குறவுக

அரையிறுதியில தலைவர் கேக்குறதை நிறுத்திட்டாக. பேச ஆரம்பிச்சாக. அது கார்னர் இல்லையா, இவனுக்கு மஞ்ச அட்டை கிடையாதா, வெயிலு கண்ணைக் கூசுதா டீச்சர். வாக்கிடாக்கி செல்போன் மாதிரி இல்லைங்க. ஒருத்தர் பட்டனை அமுக்கிப் பிடிச்சிருந்தா, விடுற வரைக்கும் மத்தவுக எல்லாரும் ஊமைதான். தலைவர் பட்டனை அமுக்கினா விடுற பழக்கம் கிடையாது. என் லைன்மேன் ரெண்டு பேரும் வாயசைக்கிறது தெரியுது, காதுல விழுறது தலைவர் டீ சொல்றது.

ரபீக் அண்ணன் அவுகளுக்கு நல்லாப் பழக்கம். நைசாப் பேசி செட்டை வாங்கிருங்கண்ணேன்னு கெஞ்சினேன். அண்ணன் பதறிப் போயிட்டாக. "ஆத்தா, அது நடக்குற காரியமா? மேடையில குடுத்த செட்டைத் திருப்பிக் கேட்டா, போத்துன சால்வையை உருவுன மாதிரி ஆயிரும்."

இறுதி ஆட்டம்

இறுதியில தலைவரோட மஞ்சச் சட்டையும் மயிலாடும்பாறை டீமும். கடைசி நிமிசம் வரைக்கும் கோல் இல்லை. காத்துல மேடைப் பந்தல் படபடன்னு அடிக்குது, காதுல தலைவர் விடாம நேர்முக வர்ணனை. அந்த நேரத்துல மஞ்சச் சட்டைப் பையன் ஒருத்தன் தனியா உள்ள புகுந்து கோலைப் போட்டுட்டான். எனக்குச் சந்தேகம்தான். ஆனா அந்தப் பக்கத்து லைன் முத்துவேல் அண்ணனோடது. கொடி மேல வரலை, காதுலயும் அவுக குரல் வரலை. கோல்னு ஊதிட்டேன்.

ஊதின மூச்சு அடங்கலை, தலைவர் பக்கத்துல யார்கிட்டயோ பேசுறது என் காதுல விழுது: "ஏலே, நம்ம பய முன்னாடியே போயி நின்னான்ல. கடமலைக்குண்டாரு கொடியத் தூக்கலை. தப்பிச்சோம், மூச்சு விடாத." அதுக்குள்ள முத்துவேல் அண்ணன் அக்குள்ல கொடியோட உள்ள ஓடி வர்றாக. செட்டைக் காட்டி, அமுக்கி அமுக்கிப் பாத்தேன் போகலைன்னு சைகை. வாழ்க்கையிலயே முதல் தடவையா வணக்கம் சொல்லாமப் பேசுனாக. "ஆஃப்சைடு."

பேசாம இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். மஞ்சச் சட்டை ஊரே என்னைத் தோள்ல தூக்கியிருக்கும், அடுத்த வருசமும் கூப்பிட்டிருப்பாக. மாத்துனா என்ன ஆகும்னு தெரியும். கடமலைக்குண்டும் மயிலாடும்பாறையும் பக்கத்துப் பக்கத்து ஊரு. லைன்மேன் சொந்த ஊர்ப் பக்கம் சாஞ்சிட்டாரு, டீச்சர் அவரு பேச்சைக் கேட்டு ஆடுதுன்னு சொல்லுவாக. ஆனா நடுவுல பந்து வச்சு ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கிற வரைக்கும் தீர்ப்பை மாத்த நடுவருக்கு உரிமை இருக்கு. கோல் இல்லைன்னு மாத்தி ஊதினேன்.

நான் நெனச்ச அதே வார்த்தையோட தலைவர் உள்ள வந்துட்டாக, பின்னாடி பாதி ஊரு. நான் கிட்டப் போயி, மத்தவுகளுக்குக் கேக்காமச் சொன்னேன்: "தலைவரே, முத்துவேல் அண்ணன் சொல்லி மட்டும் மாத்தலை, முதல்ல சொன்னதே நீங்கதான். விரலைப் பாருங்க." பாத்தாக. அப்பவும் கட்டை விரல் பட்டன் மேலதான் இருந்துச்சு. காதுல ஒயரோட ஓடி வந்த ரபீக் அண்ணன், மூச்சு விடாதங்கிறது வரைக்கும் எங்களுக்குக் கேட்டுச்சுன்னு மெதுவா எடுத்துச் சொன்னாக. தலைவர் முகம் செத்துப் போச்சு. பட்டன்ல இருந்து விரலை எடுத்தாக. அப்புறம் ஊர்ப் பக்கம் திரும்பி, டீச்சர் சொல்றது சரிதான், போயி உக்காருங்கய்யான்னு கையைக் காட்டுனாக. ஊரு முனகிக்கிட்டே உக்காந்துச்சு. பெனால்ட்டி வச்சு மயிலாடும்பாறைதான் ஜெயிச்சது.

பரிசு குடுக்குற நேரத்துல, இதோட என் விசிலுக்கும் எனக்குப் பின்னால வர இருந்த பிள்ளைக விசிலுக்கும் மூடுவிழாதான்னு மேடைக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்தேன். கண்ணு கலங்குச்சு, காத்துல தூசின்னு சொல்லிக்கிட்டேன். தலைவர் சால்வையைப் போத்திக்கிட்டுத் தானா இறங்கி வந்தாக. நாலாவது செட்டை என் கையில வச்சாக. "அடுத்த ஆடிக்கும் நீங்கதான் ஊதணும் டீச்சர். எனக்குச் சால்வை மட்டும் போதும்."

ஆக மொத்தம், அந்தப் போட்டியில வாக்கிடாக்கி வழியா எனக்கு நேரத்துக்கு வந்து சேந்த ஒரே சரியான தகவல், அது யாரு கையில இருக்கக் கூடாதோ அவுக வாயில இருந்துதான் வந்துச்சு.