சவ வண்டியின் எஞ்சின்

முன்னறைச் சுவரில் என் கணவர் ஒரு காரை முழு அளவில் கரியால் வரைந்தது, நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில். மாலை வந்து கதவைத் திறந்தால் டிவி இருந்த இடத்தில் ஒரு சக்கரம். இன்னொரு சக்கரம் ஜன்னலுக்குக் கீழே. நடுவில், என் இடுப்பளவுகூட உயரமில்லாமல், தாழ்ந்து நீண்டு ஒரு வண்டி. டிவி கட்டில்மேல் கிடந்தது.

"அளவு எடுக்கது வரைக்கும் இருக்கட்டு பிள்ளே. பிறவு வெள்ளை அடிச்சிரலாம்" என்றார்.

வெள்ளை அடிக்கவேயில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் சுவரைப் பார்ப்பார்கள். அடுத்து என்னைப் பார்ப்பார்கள். நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

எங்கள் வீடு ஆரியங்கோட்டில். நான் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவர் பல வருஷம் கல்ஃபில் கார்களுக்கு பெயின்ட் அடித்தவர். விலை கேட்டாலே தலைசுற்றுகிற ஸ்போர்ட்ஸ் கார்களையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார். ஆனால் பெயின்ட் அறையிலிருந்து வாசல்வரை நகர்த்திவிடுவதைத் தவிர ஒன்றையும் ஓட்டியதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ஃபைபரில் குளியலறைக் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்து விற்றார். வியாபாரம் மோசமில்லை. எனக்குக் குறையும் இல்லை.

சுவரில் வரைந்த அந்தக் கார், எங்களுக்குக் கல்யாணமான காலத்தில் நம் நாட்டுக் கம்பெனி ஒன்று தில்லிக் கண்காட்சியில் மேடையேற்றியது. இரண்டே பேர் உட்காரலாம். மேற்கூரை கிடையாது. பத்திரிகைகளில் படம் வந்தது, எல்லாரும் புகழ்ந்தார்கள், கம்பெனி யோசித்துவிட்டு இது வேண்டாமென்று நிறுத்திவிட்டது. ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. அந்தப் படங்களை இவர் அப்போதே வெட்டி வைத்திருந்தார் என்பது, கோயம்புத்தூரிலும் கோழிக்கோட்டிலும் அதே காரைச் செய்து பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று இவர் செல்போனில் கண்டுபிடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். படத்தில் தெரிகிற டயரின் அளவை வைத்து மற்ற அளவுகளைக் கணக்குப் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டு காய்ந்துபோகும்வரை இவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நம்ம ஆளுக உண்டாக்கினது ஆக்கும் இது. சும்மா விட்டுட்டாவ" என்று சொல்வார், யாரோ பிள்ளையைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனதுபோல.

கூட்டுக்கு ஒருவர் வந்தார். எங்கள் ஊரில் சவ வண்டி வைத்து ஓட்டுகிறவர். கல்ஃபில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர், அண்ணி என்ற முறையில் என்னை மைனி என்று கூப்பிடுவார். அவரிடம் இரண்டு வண்டிகள் உண்டு. புதியது ஓடும். பழையது, ஒரு வேன், எப்போதாவது தேவைப்பட்டால் எடுப்பதற்காக நிற்கும். எங்கள் ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகை சும்மா கிடந்தது. அதில் இருவரும் பைப்பை வளைத்து வெல்டிங் அடித்து, தெர்மோகோல் கட்டிகளைச் செதுக்கி, மேலே ஃபைபர் பூசினார்கள். ஃபைபரைத் தேய்த்த தூள் என் கணவரின் சட்டையிலிருந்து என் சேலைகளுக்கு ஏறியது. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று கையைச் சொறிவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு முழங்கைவரை மறைத்த ரவிக்கை தைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஆசிரியர் அறைக்கு நான் போனபோது எல்லாரும் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். வீடியோவில் என் கணவர். சக்கரமில்லாத, கதவில்லாத ஓர் எலும்புக்கூட்டில் காலை நீட்டிப் படுத்தபடி, ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். வாயால் கியர் மாற்றுகிற சத்தம் வேறு.

"டீச்சரே, இது சார் அல்லே?" என்று ஒருத்தி மலையாளத்தில் கேட்டாள். எனக்குக் காது சூடேறியது.

கணக்கு டீச்சர்தான் அந்தப் போனைத் தள்ளிவிட்டாள். "அவருக்க இஷ்டம். குடிச்சிட்டு ரோட்டில கிடக்கலியே? நீ வா மக்கா, சோறு உண்போம்."

அவளுக்குப் பக்கத்தில் செங்கல் என்கிற ஊரில் வீடு. பள்ளிக்கூடத்தில் எனக்கு அவளைவிட நெருக்கமானவர்கள் இல்லை. அவளுடைய அம்மை பலாக்காய் போட்டுச் சக்கைக்குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு டப்பா வரும்.

எஞ்சின் எங்கே கிடைக்கும் என்று இவர்கள் பல நாள் அலைந்தார்கள். கடைசியில் பழைய சவ வண்டியின் எஞ்சினைக் கழற்றிக் காரின் பின்பக்கம் வைத்துவிட்டார்கள். அளவு கச்சிதமாகப் பொருந்தியது என்று இவர் குதித்தார். நான் கேட்டேன்.

"இஞ்ச பாருங்க, பழைய வண்டிக்கு ஆவசியம் வந்தா?"

"ஒரே நேரத்தில ரெண்டு சாவு எங்க வருது மைனி?" என்று கூட்டுகாரர் சிரித்தார். "புதுசு ஓடுதே."

கொட்டகையிலிருந்து கார் சொந்தக் காலில் முற்றத்துக்கு வந்த அன்று அக்கம்பக்கத்தார் எல்லாம் வேலியோரம் நின்றார்கள். "சவ வண்டி எஞ்சின் ஆக்கும், ஏறினா நேரே மேலோகம்தான்" என்று யாரோ சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். என்னால் அடுக்களைக்கு வெளியே வர முடியவில்லை.

அது நடந்து கொஞ்ச நாளில், மழைக்காலத்தில், கணக்கு டீச்சரின் அம்மை இறந்தார்.

அடக்கத்துக்கு முந்தின நாள் மாலையே அவளுடைய அண்ணன் என் கணவரின் கூட்டுகாரரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவரும் "வண்டி நான் கொண்டு வாறேன், நீங்க ஒண்ணும் விசாரப்படாண்டாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் புது வண்டி வேறோர் உடலை எடுக்கத் திருவனந்தபுரம் போன இடத்தில், ஆஸ்பத்திரிக் காகிதம் கிடைக்காமல் நின்றுவிட்டது. அது வராது என்று காலையில் உறுதியானபோது நேரம் போய்விட்டது. நெய்யாற்றின்கரையில் ஒருவரைக் கேட்டார்கள். அவருடைய வண்டியும் வேறொரு சாவுக்குப் போயிருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் காலையிலிருந்து கணக்கு டீச்சரின் பக்கத்தில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபம் முடிந்து பெட்டியை வெளியே எடுத்தபோது, வாசலில் பூமாலை போட்டுப் பழைய சவ வண்டி நின்றது. பின்னால் என் கணவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. என்னைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற ஒடுங்கிய இடவழியின் முனைவரை ஓர் ஆட்டோவில் கயிறு கட்டி அதை இழுத்து வந்திருக்கிறார்கள். சர்ச்சுக்கும் அப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். பக்கம்தானே, இறக்கம்தானே, தள்ளிவிட்டால் உருண்டுவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

முதலில் உருளத்தான் செய்தது. கூட்டுகாரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிரேக்கில் காலை வைத்திருந்தார். என் கணவர் பூவைச் சரிசெய்கிறவர்போலப் பின்கதவில் கைவைத்து நடந்தார். துளி சத்தமில்லாமல் வண்டி போனது. என் பக்கத்தில் நடந்த ஒரு வயதான பெண்மணி, "எவ்வளவு பைய ஓட்டுதான் பாரு. மரியாதை தெரிஞ்சவன்" என்றார். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

இறக்கம் முடிந்து ரோட்டைக் கடந்தால் சர்ச் வரைக்கும் ஏற்றம். அங்கே வண்டி நின்றது. என் கணவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நனைந்த ரோட்டில் செருப்பு வழுக்கி முட்டி இடித்துக்கொண்டார். எழுந்து மறுபடி தள்ளினார். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"ஸ்டார்ட் ஆக்கு எலே!" என்று அண்ணன் முன்னால் போய்க் கத்தினார்.

கூட்டுகாரர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னலே, என்ன ஆச்சு?"

"எஞ்சின் இல்ல அண்ணே."

"இல்லேன்னா?"

அதற்குள் வேலியோரம் நின்று அன்று சிரித்தவர்களில் ஒருவர் கூட்டத்துக்குள்ளிருந்து சொல்லிவிட்டார். "அது சாருக்க காருல இரிக்கு."

எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சேலையைச் செருகி, வண்டியின் பின்னால் போய் அம்மையின் பெட்டி இருந்த பக்கம் இரண்டு கையையும் வைத்துத் தள்ளத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் அண்ணன்மார் வந்தார்கள். நான் குடையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடினேன். எனக்கும் என் கணவருக்கும் நடுவில் அவள் தள்ளிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. ஏற்றம் முடிகிற இடத்தில் சர்ச்சுப் பாதிரியார் குடையோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே என் கணவர் எஞ்சினைக் கழற்றித் திரும்பப் பழைய வண்டியில் வைத்தார். கூட்டுகாரர் உதவ வந்தார். பிறகு நாங்கள் மூவரும் செங்கல்லுக்குப் போனோம். அண்ணன் எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதே தாங்க முடியாமல் இருந்தது.

"இல்லேன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா நாங்க தோளில எடுத்திருப்போம்" என்றார். "நாங்க மூணு ஆண்மக்கள் உண்டு. எனக்க அம்மைய ரோட்டில நிறுத்திட்டியளே."

என் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. "தப்புதான் அண்ணே" என்றார். காப்பி வந்தது, குடித்துவிட்டு எழுந்தோம். கணக்கு டீச்சர் உள்ளேயிருந்து வரவேயில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் என்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். சோற்றுப் பாத்திரத்தை வேறு மேசையில் வைத்துத் திறப்பாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் யாராவது சாவு, அடக்கம் என்று பேச ஆரம்பித்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கொட்டகை பூட்டிக் கிடந்தது. இவர் மறுபடி கதவும் தொட்டியுமாகச் செய்துகொண்டிருந்தார். முன்னறைச் சுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேட்காமலே வெள்ளையடித்தார். மெல்லிய கோடு அதற்குள்ளிருந்தும் தெரிந்தது.

ஓண விடுமுறையில் ஒரு பகல், சொல்லாமல் கொள்ளாமல் கணக்கு டீச்சர் வந்து வாசலில் நின்றாள்.

"எங்க உண்டு அந்த சாதனம்?" என்றாள்.

கொட்டகையைத் திறந்துவிட்டேன். என் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் காரைச் சுற்றி நடந்தாள். தூசி படிந்த முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கம் எஞ்சின் இருந்த குழியைக் குனிந்து பார்த்துக்கொண்டு அதிகநேரம் நின்றாள்.

"எனக்க அம்மைக்கு இதெல்லாம் தெரிஞ்சா சிரிச்சிருப்பாவன்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றாள். "சிரிச்சிருக்க மாட்டாவ. அவுங்களுக்கு நல்ல கோவம் வரும். எனக்கும் வருது, இப்பவும்."

"நீ என்னத்தையாவது சொல்லி ஏசு மக்கா" என்றேன்.

"ஏசதுக்கு வரல்ல." அவள் என் கணவர் பக்கம் திரும்பினாள். "இத இப்பிடிப் பாதியில போட்டுட்டா அன்னைக்கு நடந்தது ஒண்ணுக்கும் இல்லாம போவும். முடிங்க. வேற எஞ்சின் வாங்கிப் போடுங்க."

காப்பி குடிக்காமல் போனாள். ஆனால் பள்ளிக்கூடம் திறந்த அன்று என் மேசையில் வந்து உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தாள். பழைய மாதிரி இல்லை. இன்றுவரை பழைய மாதிரி ஆகவில்லை.

அவர் மார்த்தாண்டத்தில் பழைய சாமான் கடையிலிருந்து ஓர் எஞ்சினை வாங்கிப் போட்டார். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது என்பதால் காரை மினிலாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். குழுவில் இருந்தவர்கள் செய்த கார்கள் ஒரு கல்லூரி மைதானத்தில் வரிசையாக நின்றன. ஒரே வண்டியைப் பல பேர் பல விதமாக நினைவு வைத்திருந்ததுபோல ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருந்தது. எங்களுடையது அழகாகத்தான் இருந்தது. அவர் அதை மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தியபோது கைதட்டினார்கள்.

குழுவைச் சேர்ந்த ஒருவர் மைக்கோடு வந்தார். "உங்க கார் கதைதான் சார் எங்களுக்கெல்லாம் ஃபேவரிட். பிணவண்டி எஞ்சின் கதை! அந்த ஊர்வலத்துல தள்ளினதைச் சொல்லுங்க!" கூட்டம் முன்கூட்டியே சிரிக்கத் தயாராக நின்றது. எப்படியோ அவர்கள்வரை அது வேடிக்கைக் கதையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

என் கணவர் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே தாழ்த்தினார். நான் பக்கத்தில் போய் மைக்கில் விழாமல் அந்த மனிதரிடம் மட்டும் சொன்னேன்: "அது எனக்க கூட்டுகாரியோட அம்மை. அத விட்டிருங்க."

அவர் சிவந்துபோய், மன்னிக்கணும் மேடம் என்றார். என் கணவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துணியை எடுத்துக் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் மறுபக்கத்திலிருந்து துடைத்தேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.