காலுறைக்குள் ஒரு போல்ட்

ஒரு பொருளை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும், அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் ஒன்றுதானா? மெர்ல் டிட்மரோடு பழகும் வரை ராய்ஸ் ஹாஃப்னருக்கு இப்படியொரு கேள்வி எழுந்ததே இல்லை.

மெர்ல், அமெரிக்காவின் ஒஹாயோவில் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் துப்பாக்கிகளைச் சேர்த்துவந்தார். பெரிதாகப் புகழ அவரிடம் ஒன்றுமில்லை என்றுதான் ராய்ஸ் வெகுநாள் நினைத்திருந்தான். பேச்சு குறைவு. நகைச்சுவை சொன்னால் முடிவை முதலிலேயே உளறிவிடுவார்.

அவரிடம் ஒரு போல்ட் இருந்தது. குண்டை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு. போர் முடிந்தபோது, சரணடைந்தவர்களின் துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும், அவற்றின் போல்ட்டுகளைக் கழற்றி வேறொரு குவியலாகவும் போட்டிருந்தார்கள். ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுக்கு ஒரு துப்பாக்கியை எடுத்து, கைக்கு வந்த போல்ட்டை மாட்டிக்கொண்டார்கள். துப்பாக்கியிலும் போல்ட்டிலும் பொறித்திருந்த எண் பொருந்துகிறதா என்று எவன் பார்த்தான்? மெர்ல் வாங்கிய முதல் துப்பாக்கியில் இருந்தது அப்படி வழிதவறி வந்த போல்ட். அதைக் கழற்றி, எண்ணெய் தடவி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, போகும் துப்பாக்கிக் கண்காட்சிக்கெல்லாம் வண்டியில் எடுத்து வருவார். அதன் எண் அந்த வட்டாரத்துக்கே மனப்பாடம். "என்ன மெர்ல், உன் மாப்பிள்ளைக்குப் பொண்ணு அமைஞ்சுதா?" என்று காப்பி வரிசையில் கேட்பார்கள். "பாத்துக்கிட்டே இருக்கேன்" என்பார்.

ராய்ஸுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: உப்புத்தாள். சேகரிக்க வந்த புதிதில் ஒரு துப்பாக்கியின் கட்டையை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, வார்னிஷ் அடித்து, பெருமையாகக் கொண்டுவந்தான். தேய்த்ததில், சேகரிப்பவர்கள் தேடும் தொழிற்சாலை முத்திரைகள் எல்லாம் போயிருந்தன. கண்காட்சிக் கூடம் முழுக்கச் சிரித்தது. மெர்ல் மட்டும் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல மரம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து ராய்ஸ் கை நீட்டினாலே, "பாத்துய்யா, தேச்சுடப் போறான்" என்று எவனாவது சொல்லாமல் இருந்ததில்லை.

ஒரு வசந்தகாலத்தில், பொருட்காட்சி மைதானத்துக் கூடத்தில், லோர்னா என்ற பெண் இறந்துபோன தன் அப்பாவின் துப்பாக்கியை மேசையில் வைத்திருந்தாள். முதலில் கையில் எடுத்தவன் ராய்ஸ். வேண்டும் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் இந்த முறை முத்திரைகளைச் சரியாகப் படித்துவிட வேண்டும் என்று நினைத்தான். மூக்குக்கண்ணாடி அவன் வண்டியில் கிடந்தது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு ஓடினான்.

அங்கேதான் தவறினான். கண்காட்சி வழக்கப்படி, துப்பாக்கி ஒருவன் கையில் இருக்கும்வரை வேறு எவனும் விலை கேட்கக் கூடாது. கீழே வைத்துவிட்டால் உரிமை போயிற்று. திரும்பி வந்தபோது அது மெர்ல் கையில் இருந்தது. ராய்ஸ் அவர் பின்னால் போய் நின்றான்.

கட்டையின் முன்பக்கம் ரம்பத்தால் அறுபட்டிருந்தது. போரிலிருந்து திரும்பும்போது அப்பாவின் பைக்குள் நுழையாததால் அவரே அறுத்துவிட்டதாக லோர்னா வருத்தத்தோடு சொன்னாள்; வேண்டுமானால் அறுத்த துண்டை ஒட்டித் தருவதாகவும் சொன்னாள்.

"வேண்டாம்மா. அந்த வெட்டும் இதோடதுதான்" என்றார் மெர்ல். பிறகு பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தார். அவர் தோள் அப்படியே அசையாமல் நின்றது. ராய்ஸ் கண்ணாடியை மாட்டி, எட்டிப் பார்த்தான். மெர்லின் போல்ட்டில் இருந்த அதே எண்.

மெர்லின் குரல் மாறவில்லை. "இதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களா?"

"அதோ, உங்க பின்னால நிக்கிறாரே, அவர்தான். கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்னு போனார்."

மெர்ல் திரும்பினார். ராய்ஸ் கண்ணாடியைக் கழற்றினான். "கீழ வச்சது நான்தான். உன் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா, மெர்ல்."

மெர்ல் கொஞ்ச நேரம் துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு அதை மேசைமேல் வைத்து, கையை எடுத்துக்கொண்டார்.

ராய்ஸ் அசையவில்லை.

"எடுய்யா, வேற எவனாவது கை வைக்கிறதுக்குள்ள."

எடுத்தான். லோர்னா சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான். அதற்குள் மெர்லைக் காணோம். போய்விட்டார் என்றுதான் நினைத்தான். ஆனால் அவர் வண்டியிலிருந்து காலுறையோடு திரும்பி வந்து, அந்த போல்ட்டை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"போட்டுப் பாரு."

பழையதைக் கழற்றிவிட்டு இதை நுழைத்தான். தடங்கலே இல்லாமல் உள்ளே போய், கைப்பிடி அமர்ந்தது. துப்பாக்கியை மெர்லிடம் நீட்டி, அதைத் திறந்து மூடிப் பார்க்கச் சொன்னான் ராய்ஸ். மெர்ல் ஒரே ஒரு முறை செய்து பார்த்தார்.

"இத்தனை வருஷம் தேடிட்டு, ஏன்யா எனக்குக் குடுத்தே?" என்றான் ராய்ஸ்.

"கட்டைல உப்புத்தாள் வைக்காத" என்றார் மெர்ல். காலி காலுறையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கோழிக்கறி பன் விற்கும் வரிசையில் போய் நின்றார்.